ஊசி முனையில் வாசனை

பியெத்ராஃப்ரெத்தா, அப்ருட்ஸோ மலை
12 அக்டோபர் 1961

அன்புத் தம்பி பன்ஃபிலோவுக்கு,

இங்கே ஆடுகள் நலம். அடுத்தபடியாக நானும் உன் அத்தானும் நலம். அந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று உன் அத்தான் பெரார்தோ பக்கத்தில் நின்று சொல்கிறார். தூரினோ நகரத்துப் புகையில் நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இத்துடன் ஒரு பெகோரினோ அனுப்புகிறேன். நம் ஆட்டுப்பாலில் நானே உறையூற்றிச் செய்த பாலாடைக்கட்டி. வந்ததும் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி பிய்த்துத் தின்னாதே. குளிரில் அது தூங்கிக்கொண்டிருக்கும். காலையிலேயே துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தால் மதியத்துக்குள் விழித்துக்கொள்ளும். பேரிக்காயைத் தோலோடு நறுக்கி ஒரு துண்டுக்கு ஒரு துண்டாகச் சேர்த்துத் தின்னு. உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

முக்கியமான விஷயம். சுல்மோனாவில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருக்கும் சேசிதியோ பெரியவர் உன்னை விசாரித்தார். கட்டிக்குள் அவர் ஊசி இறக்கி, உருவி, முனையை மோந்து விலை சொல்லும்போது நீ குறுக்கே புகுந்தாயே, நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. ஊசியைப் பிடுங்கி மோந்துவிட்டு, "ஒரு பக்கம் கெட ஆரம்பிச்சிருக்கு பெரியவரே, சுவர் பக்கம் வெச்சிருந்தாங்களா?" என்றாய். வெட்டிப் பார்த்தால் அப்படியே இருந்தது. "இந்த மூக்க வேற எவனுக்கும் வித்துடாதடா, எனக்கு வேணும்" என்றார். பிள்ளையில்லாத மனிதர். ஈஸ்டர் வரை கடையை உனக்காக வைத்திருப்பாராம். வந்து ஊசியைக் கையில் வாங்கிக்கொள் என்கிறார்.

நானும் செய்து, நீயும் விற்று, ஒரே ஊர்ப்பக்கம் இருக்கலாம். எனக்கு வேறு ஆசை கிடையாது.

உன் அக்கா,
லொரேத்தா

*

தூரினோ
5 நவம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொஞ்சம் இருமல். இந்த ஊரில் இருமாதவனை ஆளாகவே மதிப்பதில்லை. அத்தானின் முழங்கால் வலி எப்படி? ஆடுகளை முதலில் விசாரித்ததாகவே வைத்துக்கொள்.

பெகோரினோ வந்தது. ஞாயிறு மதியம் விடுதிச் சமையலறை மேசையில் பல ஊர்க்காரர்களும் கூடுவோம். என் அறையில் என்னோடு இன்னும் இரண்டு பேர். தார்சிசியோ பெர்கமோக்காரன், வைனெர் ரெஜ்ஜோக்காரன். வைனெர் வீட்டிலிருந்து பார்மிஜானோ என்ற இறுகிய கட்டி வரும். அதைக் கத்தியால் வெட்டப் போனேன். பதறிவிட்டான். "ஏய் தெற்கத்தி! எங்க ஊர்ல இப்பிடி வெட்டுனா பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்றான். மொட்டைக் கத்தியின் முனையைக் குத்தி நெம்பினால் கல் பிளக்கிற மாதிரி தானாக உடைகிறது. காய்ந்த தோலையும் விடுவதில்லை. சுரண்டிக் கழுவி, பயறு சூப்பில் போட்டு வேகவைத்துக் கடைசியில் அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

தார்சிசியோவின் அம்மா தலேஜ்ஜோ என்ற கட்டி அனுப்புகிறாள். செங்கல் நிறத் தோல், உள்ளே வெண்ணெய் போல இருக்கும். சூடான சோளமாவுக் களிமேல் வைத்தால் உருகி ஓடும். ஆனால் விடுதிக்காரி ஏர்நெஸ்தா அம்மாளுக்கு அதைக் கண்டால் ஆகாது. "இந்த நாத்தம் வீட்டுக்குள்ள இருந்தா நீங்க மூணு பேரும் தெருவுலதான்!" என்கிறாள். அதனால் பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. "தலேஜ்ஜோ மேல படுத்துத் தூங்குற ஒரே மகான் இவன்தான்" என்று தார்சிசியோ எல்லோரிடமும் காட்டுகிறான்.

உன் கட்டியைக் கண்மூடித் தின்றார்கள். அதே மணம், அதே கை. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புத் தம்பி,
பன்ஃபிலோ

*

பியெத்ராஃப்ரெத்தா
27 நவம்பர் 1961

அன்புத் தம்பிக்கு,

சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன். அதை ரிக்கோட்டாப் பாலாடையில் குழைத்துத் தின்றுவிடாதே, இருமலுக்குத்தான்.

கூடவே கயிற்றில் தொங்கவிட்ட ஸ்கமோர்ட்ஸாக் கட்டி இரண்டு இருக்கிறது. கனமாக அரிந்து தணல்மேல் காட்டு. ஓரம் சிவந்து நடுவில் தொய்யும்போது ரொட்டியில் வழித்துக்கொள். ஆறவிட்டால் ரப்பராகிவிடும். அப்புறம் அக்கா செய்தது சரியில்லை என்று பேர் வாங்கித் தராதே.

நீ எழுதியதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லாம் எழுதிட்டான், வாசனைய எழுதலையே! அந்த வடக்கத்திக் கட்டி எப்பிடி மணக்குது? நம்ம கடையிலயும் வெக்கலாம்ல, கேட்டு எழுதும்மா" என்றார். பார்த்தாயா, இப்போதே "நம்ம கடை" என்கிறார். ஒரு பக்கம் நிறைய எழுது. உனக்கு அது தண்ணி பட்ட பாடு.

உன் அக்கா,
லொரேத்தா

*

தூரினோ
20 டிசம்பர் 1961

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நலம். இருமல் போய்விட்டது. தேனும் போய்விட்டது.

விடுமுறைக்கு வர முடியாது போலிருக்கிறது. பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. இரும்பு அலமாரிகளுக்கு நாள் முழுக்கச் சாயம் பீய்ச்சுகிறோம். பச்சை முடிந்தால் சாம்பல், சாம்பல் முடிந்தால் பச்சை.

பெரியவர் கேட்டதற்கு: தலேஜ்ஜோ சதுரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் கன்னம் மாதிரி உள்வாங்கி மெல்ல எழும். ஓரம் இளகியும் நடு சற்றுக் கெட்டியாகவும் இருந்தால் பதம். ஈர நிலவறையும் காளானும் சேர்ந்த வாசனை என்று தார்சிசியோ சொல்கிறான். வைனெரின் பார்மிஜானோ பல்லில் மணல் போல நொறுங்கும். வாசனையைப் பற்றி வைனெரிடம் கேட்டால் பாட்டுப் பாடுகிறான்.

ஒரு வேடிக்கை. போன வாரம் அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடெல்லாம் புகையாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேனாம். ஏர்நெஸ்தா அம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள். "காதல் கீதலா? பால் தீயறதுகூடத் தெரியாம உக்காந்திருக்கே!" என்று ஒரே சத்தம்.

ஸ்கமோர்ட்ஸாவை ஆறவிடவில்லை. உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன்.

தம்பி,
பன்ஃபிலோ

*

பியெத்ராஃப்ரெத்தா
15 ஜனவரி 1962

அன்புத் தம்பிக்கு,

எனக்கு நல்ல சளி. மற்றபடி சுகம். தலை கல்லாகக் கனக்கிறது, மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. சூப்பும் ஒன்றுதான் சுடுதண்ணீரும் ஒன்றுதான். இந்த நிலையிலும் நிலவறைக்குப் போய்க் கட்டிகளுக்கு எண்ணெய் தடவிவிட்டு வந்தேன். தோல் வெடிக்கக் கூடாதே. அதில் நல்லதாக ஒன்றை எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பேரிக்காய்க்குப் பதில் இப்போது வாதுமையோடு தின்னு.

காதலா என்று உன் அத்தானும் கேட்கிறார். இருந்தால் கூட்டி வா, சந்தோஷம்தான்.

தம்பி, சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பெரியவரின் அண்ணன் மகன் ரோமிலிருந்து வந்து கடையில் உட்கார ஆரம்பித்திருக்கிறான். காலில் பளபளக்கிற சப்பாத்து. "ஊரு முழுக்கக் கேக்குறாங்க லொரேத்தா, அவன் வருவானா மாட்டானா?" என்று பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். வருவான் என்று சிலுவைமேல் சத்தியம் அடிக்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று. ஈஸ்டருக்கு முன் வந்துவிடு.

அக்கா,
லொரேத்தா

*

தூரினோ
10 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சளி தீர்ந்ததா? பூண்டு தட்டிப் போட்டு ஆவி பிடி.

பெகோரினோ வந்த அன்றே வெட்டினோம். என்ன சொல்ல! துணியைப் பிரித்ததுமே நம் நிலவறை வாசனை, நீ தடவும் ஆலிவ் எண்ணெயின் வாசனை, எல்லாம் அறைக்குள் வந்துவிட்டது. இந்தத் தடவை செய்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. தார்சிசியோ, "புழுக்கமா இருக்கு" என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொறுமையாக மென்றான். வெளியே பனி கொட்டுகிறது, இவனுக்குப் புழுக்கம்! வைனெர், "உங்க அக்கா கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்டா" என்றான். மிச்சத்தை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன்கள்.

ஈஸ்டருக்குக் கஷ்டம் அக்கா. கோடை வரை பொறுக்கச் சொல்லிப் பார். அல்லது அதற்கும் பிறகு.

தம்பி,
பன்ஃபிலோ

*

பியெத்ராஃப்ரெத்தா
19 பிப்ரவரி 1962

பன்ஃபிலோவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

சளி விட்டு இறங்கிய அன்று நிலவறைக் கதவைத் திறந்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. வரிசை வரிசையாக எல்லாக் கட்டியிலும். எண்ணெய்ப் புட்டியில் உன் அத்தான் விளக்குக்கான மண்ணெண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார். "வேற புட்டி கெடைக்கல, அதான்... நீ மோந்து பாப்பேன்னு நெனச்சேன்" என்கிறார். மோந்து பார்க்க எனக்கு மூக்கு எங்கே இருந்தது? குளிர்காலத்துக் கட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தோம். நாய்கூட வாய் வைக்கவில்லை.

உடனே, தின்னாதே, எறிந்துவிடு என்று உனக்கு எழுதினேன். உறையை ஒட்டும்போது உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆலிவ் எண்ணெய் வாசனையாம். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டதாம்.

நீ அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் மண்ணெண்ணெய் என்று எழுதியிருப்பாய். பட்டணத்து வாய்க்கு மலைக்கட்டி பிடிக்கவில்லை என்றால் அனுப்பாதே என்று சொல்லியிருக்கலாமே. இத்தனை நாள் எதைத் தூக்கி யாரிடம் கொடுத்தாய்? நான் வேலையற்றுப் போய் ஒவ்வொரு தடவையும் அப்படித் தின்னு இப்படித் தின்னு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கடையும் வேண்டாம், அக்கா கையும் வேண்டாம். நேராகச் சொல்லிவிடு.

லொரேத்தா

*

பியெத்ராஃப்ரெத்தா
12 மார்ச் 1962

என் கண்ணே பன்ஃபிலோ,

பதில் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். சுகமாக இருக்கிறாயா? வயிறு சரியாக இருக்கிறதா? அதை நிஜமாகவே தின்றுவிட்டாயோ என்று உன் அத்தானை ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். யாராலும் சகிக்க முடியாத தலேஜ்ஜோ உன் கட்டிலுக்கடியில். பக்கத்திலேயே தீய்ந்த பால். வாசனையைக் கேட்டால் தார்சிசியோ சொல்கிறான், வைனெர் பாடுகிறான், நீ ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, உன் மூக்கு... நான் நினைப்பது தப்பு என்று இரண்டு வரி போடு, போதும். உடனே கிளம்பி வந்திருப்பேன். பாதை பனியில் மூடியிருக்கிறது, ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன, உன் அத்தானால் முழங்காலை மடக்க முடியவில்லை. இங்கே உட்கார்ந்து தபால்காரன் வருகிற பக்கம் பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை.

அக்கா

*

தூரினோ
25 மார்ச் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். வயிறும் நலம்.

நீ நினைப்பது தப்பில்லை.

போன கோடையில் நீ கட்டியைச் சுற்றி அனுப்பிய துணியை வழக்கம்போல முகத்தில் வைத்துக்கொண்டேன். வெறும் துணியாக இருந்தது. சளி என்று நினைத்தேன். இலையுதிர்காலம் வரை சளி என்றே நினைத்தேன். பட்டறையில் ஆளுக்கொரு கைக்குட்டைதான் கொடுத்திருந்தார்கள், மூக்கில் கட்டிக்கொள்ள. சாயங்காலம் அதைப் பிழிந்தால் பச்சையாக வடியும்.

டாக்டரிடம் போனேன். காப்பித்தூள், வினிகர், சோப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். "உள்ள இருக்குற நரம்பு வெந்துபோச்சுப்பா. திரும்ப வரும்னு நான் சொன்னா அது பொய்" என்றார். நாக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று சொல்கிறது. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. பெகோரினோவும் உப்பு, ஸ்கமோர்ட்ஸாவும் உப்பு.

அந்தக் கட்டியைப் பிரித்தேன் அக்கா. சத்தியமாகத் தின்றேன். உன் கடிதம் வந்த பிறகு தார்சிசியோவைப் பிடித்து உலுக்கினேன். "நீ அவ்ளோ ஆசையா வெட்டிக் குடுத்தே. மூஞ்சி அப்பிடி இருந்துச்சு. எப்பிடிடா சொல்றது?" என்றான். என் மூக்கு போனது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு, மண்ணெண்ணெயை மென்று விழுங்கி, உன் கைக்கு முத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை எனக்கு விட்டது மாதிரி காட்டி, நான் வேலைக்குப் போன பிறகு எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினார்களாம்.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டால் அது முடிவாகிவிடும் என்று பயமாக இருந்தது. பெரியவர் மூக்கை விற்காதே என்றார். விற்றுவிட்டேன், அதுவும் அலமாரிக்குச் சாயமடிக்க. கடையை அண்ணன் மகனுக்குக் கொடுக்கச் சொல்லிவிடு. காரணம் சொல்லாதே.

தம்பி,
பன்ஃபிலோ

*

பியெத்ராஃப்ரெத்தா
24 ஏப்ரல் 1962

என் தம்பிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து சொல்லும் நேரம் கடந்துவிட்டது. இங்கு எல்லோரும் இருக்கிறோம்.

நீ சொல்லாதே என்றாய், நான் சொன்னேன். பாதை திறந்ததும் சுல்மோனாவுக்கு இறங்கிப் போனேன். பெரியவர் ஊசியைத் துணியால் துடைத்தபடியே இருந்தார். நான் விடவில்லை. "நான் மோந்து சொல்றேன் பெரியவரே, அவன் கடையில உக்காரட்டும். ரெண்டு பேரும் ஒரு மூக்குன்னு வெச்சுக்குங்க" என்று கெஞ்சினேன்.

"நீ மலையில, அவன் கடையில. உன் மூக்க தெனமும் தபால்லயா அனுப்புவே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. "இவனுக்கு மோப்பம் இல்லன்னு தெரிஞ்சா ஒரே வாரத்துல ஊர்ல உள்ள அழுகல் எல்லாம் இவன் தலையில வந்து விழும்மா. சளி புடிச்சு நீ என்ன பண்ணேன்னு நீயே பாத்தேல்ல."

அண்ணன் மகனுக்கே கடை. நான் நிற்கும்போதே ஒருவர் கட்டி கொண்டுவந்தார். அவன் ஊசியை இறக்கி உருவினான். முனையைக் கண்ணால் பார்த்துவிட்டு விலை சொன்னான். மோந்து பார்க்கவே இல்லை! முழு மூக்கு முகத்தில் இருக்கிறது, அதைத் துடைக்க மட்டும் வைத்திருக்கிறான். நான் வெளியே வந்து தேவாலயப் படியில் உட்கார்ந்து அழுதேன். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

இந்த வசந்தத்துப் பாலில் முதல் கட்டி அனுப்புகிறேன். எண்ணெய்ப் புட்டியை மூன்று தடவை மோந்தேன். இளம் அவரையும் இருக்கிறது. பச்சையாகவே உரித்துக் கட்டியோடு சேர்த்து மெல்லு. மெல்லும்போது இதை வாசி: பல் பட்டதும் வெயிலில் காய்ந்த வைக்கோல். மெதுவாக மெல்ல, ஆட்டுக்குட்டியின் கழுத்து மயிரில் முகம் புதைத்தால் வருகிற சூடு. அவரை சேரும்போது மழை விட்ட தோட்டம். விழுங்கிய பிறகு நாக்கின் பின்புறம் வாதுமையின் மெல்லிய கசப்பு, அதன் மேல் கொஞ்சம் புகை. அது நம் அடுப்பின் புகை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வந்ததா என்று எழுது.

அக்கா,
லொரேத்தா

*

தூரினோ
13 மே 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். என்னைச் சாயத்திலிருந்து மாற்றி, அலமாரிகளுக்குப் பூட்டு மாட்டும் பக்கம் போட்டிருக்கிறார்கள். இங்கே காற்று நன்றாக இருக்கிறதாம், சொல்கிறார்கள். அத்தான் முழங்காலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். காலையில் பிரித்து வைத்துவிட்டு மதியம் அவரையை உரித்தேன். மென்றுகொண்டே வாசிக்கக் கண் நிற்கவில்லை. அதனால் தார்சிசியோவிடம் கொடுத்தேன். அவன் பெர்கமோ நாக்கில் உன் எழுத்து எப்படியோ இருந்தது. "வைக்கோல்" என்றான். நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். நான் மென்றேன். "ஆட்டுக்குட்டி" என்றான். மென்றேன். "இப்ப தோட்டம். வருதாடா?" என்றான். வைனெர் ஒரு துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் நின்றான்.

வரவில்லை, அக்கா. வைக்கோலும் வரவில்லை, ஆடும் வரவில்லை. உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தார்சிசியோ என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

பிறகு அவர்கள் இருவரும் தின்றார்கள். இந்தத் தடவை நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்கள். ரசித்துத் தின்பதற்கும் எனக்காகத் தின்பதற்கும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரிகிறது.

அனுப்புவதை நிறுத்திவிடாதே. உப்பு தெரிகிறது. அது மட்டும் சரியாக இருக்கிறது. மீதியை நீ எழுது.

உன் தம்பி,
பன்ஃபிலோ